அகதிக் குழந்தைகளுக்காக ஆசிரியர் பயிற்சி: மூன்று மணி நேரத்தில் எதைச் சொல்வது?

யமுனைக்கரை | 2025 மே 18, இரவு 9:42

தில்லித் தமிழ் ஆசிரியர்கள் பலர் இந்தப் பக்கம் வந்துபோவதால் இங்கே கேட்கிறேன்.

நான் தென்கிழக்குத் தில்லியில் ஓர் அரசுப் பள்ளியில், காலை ஷிப்டில், ஆறாம் வகுப்பு ஆசிரியை. 52 பெண்கள். அவர்களில் நான்கு பேர் மியான்மரிலிருந்து தப்பிவந்த ரோஹிங்யாக் குடும்பத்துப் பிள்ளைகள், ஒருத்தி ஆப்கானியப் பெண்.

மே 7 அன்று நாடு முழுவதும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. சைரன் ஒலித்ததும் பெஞ்சுக்கு அடியில் பதுங்கிக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எங்கள் பள்ளியிலும் சொல்லியிருந்தோம். ஒலித்தது. பாதிப் பிள்ளைகள் சிரித்தார்கள், சிலர் எட்டிப் பார்த்தார்கள். அந்த நால்வரில் ஒருத்தி மட்டும் சைரனின் முதல் நொடியிலேயே பெஞ்சுக்கு அடியில் சுருண்டுவிட்டாள். அவ்வளவு கச்சிதம். நான் மகிழ்ந்துபோய், "பார்த்தீர்களா, செய்தால் இப்படிச் செய்ய வேண்டும்" என்று சொல்லி வகுப்பு முழுவதையும் அவளுக்காகக் கைதட்டச் சொன்னேன்.

ஒத்திகை முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தரை ஈரமாக இருப்பது தெரிந்தது. அதன்பின் ஒரு பாடவேளை முழுவதும் அவள் வெளியே வரவில்லை. அவள் கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் கைதட்டல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இந்த விஷயம் தலைமை ஆசிரியை வரை போயிற்று. அவர் நல்லவர். கோடை விடுமுறைக்குப் பிறகு ஆசிரியர்கள் முன்னதாகத் திரும்பும் நாட்களில் மூன்று மணி நேரம் தருவதாகவும், இத்தகைய பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று நாற்பது ஆசிரியர்களுக்கு நானே சொல்லித்தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு இதில் இருக்கும் தகுதி, ஆறு வருடங்களுக்கு முன் போய்வந்த இரண்டு நாள் பயிலரங்கு மட்டும். அதில் மூளையின் படம் காட்டினார்கள். பாதாம் கொட்டை அளவில் ஏதோ ஒரு பகுதி. இன்று எனக்கு நினைவில் இருப்பது பாதாம் மட்டுமே.

என்ன சொல்வது? எங்கே தொடங்குவது?

---

சாக்பீஸ் | 2025 மே 18, இரவு 10:31

ஒன்றும் சொல்லாதீர்கள் அம்மா. சமோசா நல்ல கடையில் வாங்குங்கள், அது போதும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தைந்து ஆண்டு இந்த ஊர்ப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு பைல், ஒரு பேனா, திரையில் படம், தேநீர், சான்றிதழ். மறுநாள் வகுப்பில் அதே கூட்டம், அதே மின்விசிறி.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புவரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. உங்களிடம் 52 பேர். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தேர்தலுக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் ஆசிரியரை அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இப்போது மனநல மருத்துவரின் வேலையையும் அவர் தலையில் கட்டப் போகிறோமா? உடைந்த பிள்ளையை ஒட்டவைப்பது வாத்தியார் வேலை இல்லை. அதற்குப் படித்தவர்களை நியமிக்கச் சொல்லுங்கள்.

---

வேப்பம்பூ | 2025 மே 19, காலை 7:15

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர், பதினான்கு ஆண்டுகளாகத் தில்லியில் இருக்கிறேன். சாக்பீஸ் ஐயா சொல்வதில் பாதி சரி. ஆசிரியர் சிகிச்சை செய்பவர் அல்லர், ஆகவும் கூடாது. மற்ற பாதியில் உடன்பாடில்லை.

நெருக்கடிக் காலத்து மனநல உதவிக்காக ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் நான்கு அடுக்குக் கோபுரம் ஒன்று வரும். எல்லோருக்கும் வேண்டிய பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும் அடித்தளம். குடும்பம், அக்கம்பக்கம், பள்ளி ஆகியவற்றின் அரவணைப்பு இரண்டாம் அடுக்கு. பயிற்சி பெற்ற பணியாளர் தரும் குறிப்பான உதவி அதற்கு மேல். மருத்துவரும் மருந்தும் தேவைப்படும் சிலருக்குத்தான் உச்சி. ஆசிரியரின் இடம் கீழே உள்ள இரண்டு அடுக்குகள். அங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் தேறுகிறார்கள். அந்த இரண்டும் ஆடினால் உச்சியில் யார் உட்கார்ந்தும் பயனில்லை.

யமுனைக்கரை, பாதாமை விட்டுவிடுங்கள். நாற்பது பேருக்கும் புரியவேண்டிய முதல் செய்தி இதுதான்: பிள்ளையின் கதை உங்களுக்குத் தேவையில்லை. "உனக்கு என்ன நடந்தது? சொல், மனம் லேசாகும்" என்று நல்லெண்ணத்தில் கேட்கத்தான் நமக்கெல்லாம் வாய் துறுதுறுக்கும். கேட்காதீர்கள். கொடுமையை அனுபவித்தவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்று தெரிந்தபின் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்கு மாற்றாக 2011இல் அந்நிறுவனமும் வேறு இரு அமைப்புகளும் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று வினைச்சொற்கள்: பார், கேள், இணை. இதில் 'கேள்' என்றால் அவர்களாகச் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பது, துருவுவது இல்லை.

பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் கணக்குப் பாடம் நடத்துங்கள். கணக்கும் மருந்துதான். நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும் பொருள் அது.

---

மண்டபத்துப்பிள்ளை | 2025 மே 19, இரவு 11:50

இந்த இழையைக் காலையிலிருந்து மூன்று முறை திறந்து மூடினேன்.

1990இல், ஏழு வயதில், இலங்கையிலிருந்து படகில் வந்தவன் நான். மண்டபம் முகாமில் சில வாரம், பிறகு உள்ளே வேறொரு மாவட்டத்து முகாம். இப்போது துவாரகாவில் இருக்கிறேன், மென்பொருள் வேலை. என் அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது.

நாங்கள் சேர்ந்த ஊர்ப் பள்ளியில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு சடங்கு நடக்கும். கணக்கெடுக்க வேண்டுமே. வகுப்பாசிரியர் பதிவேட்டைத் திறந்து, "அகதிப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்பார். அதில் வன்மம் எதுவும் இல்லை. நோட்டுப் புத்தகம் வாங்கித்தரத்தான் கேட்டார். ஆனால் எழுந்து நின்ற அந்த இரண்டு நிமிடம் ஆண்டு முழுவதும் நீளும். 1991க்குப் பிறகு அகதிப் பிள்ளைகளின் சேர்க்கைக்கே தடை வந்த காலமும் உண்டு. எனக்கு அதில் ஓராண்டு போயிற்று. பின்னர் திரும்பச் சேர்ந்தபோது எழுந்து நிற்பதற்கே ஆசையாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

ஏழாம் வகுப்பில் ஒரு கணக்கு வாத்தியார். கண்டிப்பானவர். சிரித்துப் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் கரும்பலகையின் வலது மூலையில் மூன்று வரி எழுதுவார்: இன்று என்ன, நாளை என்ன, நாளை எப்போது மணி அடிக்கும். மறுநாள் அப்படியே நடக்கும். நாளை என்று ஒன்று வரும் என்பதை அந்தக் கரும்பலகை மூலைதான் எனக்குக் கற்றுத்தந்தது. என் வாழ்க்கையில் அவர் ஒருமுறைகூட என்னிடம் 'அங்கே என்ன நடந்தது' என்று கேட்கவில்லை. வேப்பம்பூ எழுதியதைப் படித்தபோது, அவர் கேட்காமல் இருந்ததும் ஒரு கொடைதான் என்று இத்தனை வருடம் கழித்துப் புரிந்தது.

இன்னொன்று. நீங்கள் தேடுவதற்கு ஈழத்தில் தமிழ்ச் சொற்களே இருக்கின்றன. உள்ளத்தில் ஆறி நிற்கும் காயத்தின் தழும்பை மனவடு என்பார்கள். ஆற்றுப்படுத்தும் பணி உளவளத்துணை. தாங்க முடியாத அழுத்தம் நெருக்கீடு. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள், ஆசிரியர்களோ ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். அந்தக் கணக்கே காரணம். அந்த ஆசிரியர்களும் இடம்பெயர்ந்தவர்கள், வீட்டில் சாவு கண்டவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். இங்கே தமிழ்நாட்டு முகாம்களிலும் 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம் எங்கள் ஆட்களையே ஆசிரியர்களாக்கியது. மாலை வகுப்பில் எனக்கு ஆனா ஆவன்னா மறுபடி சொல்லித்தந்த அக்காவுக்கு வயது பத்தொன்பது.

---

கரோல்பாக் காபி | 2025 மே 20, காலை 8:05

உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாமா? நம் பிள்ளைகளுக்கே வகுப்பறை இல்லை. இந்தியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தும் போடவில்லை. முறையான காகிதம் இல்லாமல் வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி வேறா?

---

கீழ்நீதிமன்றம் | 2025 மே 20, காலை 9:20

கேட்கலாம், பதிலும் இருக்கிறது. 1951 உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, உண்மை. ஆனால் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992 டிசம்பரில் ஏற்றிருக்கிறது. அதன் 22ஆம் பிரிவு அகதிக் குழந்தையைப் பற்றியது. 39ஆம் பிரிவு போரிலும் வன்முறையிலும் பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலும் உள்ளமும் மீள்வதற்கு அரசு ஆவன செய்யவேண்டும் என்கிறது. நம் அரசியலமைப்பின் 21அ பிரிவும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள 'குழந்தை' என்றுதான் சொல்கின்றன. 'குடிமகன்' என்ற சொல் அங்கே இல்லை.

2025 பிப்ரவரியில் தில்லி ரோஹிங்யாப் பிள்ளைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர்கள் அரசுப் பள்ளிகளை அணுகலாம், தகுதி இருந்தும் மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. மிசோரத்தில் 2021 ஆகஸ்டிலேயே மியான்மரிலிருந்து வந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லிக் கல்வித் துறை கடிதம் அனுப்பியது. அங்கே யாரும் பயிலரங்கு நடத்திவிட்டுக் கதவைத் திறக்கவில்லை. திறந்துவிட்டுப் பிறகு யோசித்தார்கள்.

பயிற்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று: கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டும் தடைசெய்யவில்லை, மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. "எழுந்து நில்" அதில் வருமா என்று நாற்பது பேரையும் விவாதிக்க விடுங்கள்.

---

கரோல்பாக் காபி | 2025 மே 20, காலை 9:48

சரி. என் கேள்வி செலவைப் பற்றியது, சட்டத்தைப் பற்றியது அல்ல. இருக்கட்டும், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

---

யமுனைக்கரை | 2025 மே 25, மாலை 6:10

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்வந்தேன். வீடு என்றால் தார்ப்பாயும் மூங்கிலும். அவள் அம்மாவுக்கு ஹிந்தி அரைகுறை. பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது, ஏதோ தடுத்தது. பக்கத்துக் குடிசையில் நன்றாக ஹிந்தி பேசும் ஒரு பாட்டி உதவினார்.

நான் மனத்துக்குள் ஒரு கதையைத் தயாராக எழுதி வைத்திருந்தேன். பர்மா, ராணுவம், ஆற்றைக் கடந்தது. எல்லாம் தப்பு. அந்தப் பெண் பிறந்ததே இங்கேதான்! அவள் பயப்படும் சைரன் தில்லித் தீயணைப்பு வண்டியின் சைரன். 2021 ஜூன் மாதம் மதன்பூர் காதரில் நள்ளிரவில் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட குடிசைகள் சாம்பலானது நினைவிருக்கிறதா? அப்போது அவளுக்கு ஏழு வயது. அதற்கு முன் 2018 ஏப்ரலில் காளிந்தி குஞ்சில் அவர்கள் குடியிருப்பு எரிந்தபோது நான்கு வயது. இரண்டு முறை. காகிதங்கள் எல்லாம் போயின. பள்ளிப் பையும்.

பாட்டி சொன்னார்: முதல் தீக்குப் பிறகு அவள் தூங்கும்போது செருப்பைக் கழற்றுவதில்லையாம்.

வகுப்பில் செருப்போடு உட்காரக் கூடாது என்று நான் அவளைக் கண்டித்திருக்கிறேன். கணினி அறையில்.

---

சாக்பீஸ் | 2025 மே 25, இரவு 8:30

அம்மா, சமோசாப் பேச்சுக்கு மன்னியுங்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வெகுநாள் சொல்லாதது.

1985இல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மேற்குத் தில்லி. முந்தைய ஆண்டு நவம்பரில் சீக்கியர்கள்மேல் நடந்தது உங்களுக்கெல்லாம் வரலாற்றுப் பாடம், எங்களுக்கு அது பக்கத்துத் தெரு. திலக் விஹாரில் கணவனை இழந்த பெண்களுக்கு வீடு ஒதுக்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் சிலர் என் வகுப்புக்கு வந்தார்கள். ஒரு பையன் எப்போதும் கடைசி பெஞ்சில், முதுகு சுவரில் ஒட்டும்படி உட்காருவான். முன்னால் வரச் சொன்னேன். வரவில்லை. இழுத்து உட்கார வைத்தேன். மறுநாள் மீண்டும் சுவர். அறிக்கைப் புத்தகத்தில் நான் எழுதியது இரண்டு சொல்: 'பிடிவாதக்காரன். கவனமில்லை.' முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான். அவனைப் போல் கவனமாக இருந்தவன் அந்த வகுப்பில் வேறு யாருமில்லை. என் பாடத்தில் மட்டும்தான் அது இல்லை.

அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. எங்கே போனான் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

மனவடு என்ற சொல் அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பேன்? அவனைச் சுவரோரம் விட்டிருப்பேன். அதற்குப் பயிற்சி வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் போலிருக்கிறது.

---

வேப்பம்பூ | 2025 மே 25, இரவு 10:02

ஐயா, உங்கள் கடைசி பெஞ்சை அப்படியே பயிற்சியின் முதல் பக்கமாக வைக்கலாம்.

நாம் பார்க்க மறப்பது அமைதியான பிள்ளையைத்தான். அடிக்கிற பிள்ளை, கத்துகிற பிள்ளை தானாகத் தெரிந்துவிடுவார்கள். தினமும் மூன்றாம் பாடவேளையில் வயிற்றுவலி, பட்டப்பகலில் மேசையில் தலைவைத்துத் தூக்கம் (இரவு தூங்காதவர்கள்), கூப்பிட்டால் கேட்காத வெறித்த பார்வை, தோளில் கைபட்டால் துள்ளல், அளவுக்கு மீறிய கீழ்ப்படிதல். கடைசியாகச் சொன்னதற்குத்தான் கைதட்டல் கிடைத்துவிடுகிறது. உங்களைக் குத்திக்காட்டவில்லை, யமுனைக்கரை. நானும் இதில் தவறியிருக்கிறேன்.

வகுப்பில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். எதற்கும் பணம் வேண்டாம். எதிர்பாராத ஒலி வரப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஜனவரியில் குடியரசு நாள் ஒத்திகைக்காக விமானங்கள் தாழப் பறக்கும் ஊர் இது. காபூலிலிருந்து வந்த பிள்ளைக்கு அது அணிவகுப்பு என்று எப்படித் தெரியும்? "இன்று பத்து மணிவாக்கில் விமானச் சத்தம் கேட்கும், விரும்பினால் ஜன்னலில் நின்று பார்க்கலாம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். தீபாவளி வாரத்துக்கும் அப்படியே. பின்னாலிருந்து வந்து தொடாதீர்கள், பெயர் சொல்லி முன்னால் வாருங்கள். இருக்கையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டால் பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்று, இது தில்லிக்கே உரியது. 2018இல் வந்த மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தால் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் பரவிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் கண்ணை மூடியதும்தான் சில பிள்ளைகளுக்குப் படம் ஓடத் தொடங்கும். "கண்ணைத் திறந்து வைத்துத் தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம்" என்று ஒரு வாய்ப்பைக் கொடுங்கள். உறைந்துபோன பிள்ளையை மீட்டுக்கொண்டுவரவும் கண் திறந்தே இருக்க வேண்டும். சுற்றியுள்ள ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்வது, குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுப்பது, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்வது, இன்று என்ன கிழமை என்று மெதுவாகச் சொல்வது. பெஞ்சுக்கு அடியில் இருந்த அவளோடு நீங்களும் தரையில், சற்றுத் தள்ளி, உட்கார்ந்திருந்தால் போதும். இழுத்து வெளியே எடுக்காமல் இருந்தீர்களே, அது சரியான செயல்.

வாரக்கணக்கில் தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, தன்னைத்தானே காயப்படுத்துதல், சாவு பற்றிய பேச்சு என்று வந்தால் மட்டும் அது உங்கள் எல்லையைத் தாண்டியது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நாள் முழுவதும் ஆள் இருப்பார்கள். தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. 'இணை' என்ற மூன்றாம் சொல் இதுதான். பெயர் தெரியாத இடத்துக்கு அனுப்பாமல், ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

---

இரண்டாம் ஷிப்ட் | 2025 மே 26, பிற்பகல் 2:40

நான் விருந்தினர் ஆசிரியன், மதிய ஷிப்ட், பையன்கள் பள்ளி. எங்களுக்கு நாள் கூலி. விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. அடுத்த ஆண்டு இதே பள்ளியில் இருப்பேனா என்பது எனக்கே தெரியாது. அகதிப் பிள்ளைகளுக்கு நிலையான முகம் வேண்டும் என்கிறீர்கள், நானே இங்கே தங்கல் அனுமதியில் இருப்பவன்.

சிரிக்கத்தான் சொன்னேன், ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தால் மார்ச்சில் பத்துப் பேர் போய்விடுவார்கள். அவர்களோடு பயிற்சியும் போய்விடும். ஆகவே ஆளுக்குச் சொல்லித்தருவதோடு நிறுத்தாமல் பள்ளியின் வழக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஒத்திகைக்கு முந்தைய நாள் அறிவிப்பு, சேர்க்கைப் படிவத்தை வகுப்பு நடுவே நிரப்பக் கூடாது, பட்டியல் வேண்டுமென்றால் அலுவலகத்தில் தனியாக எடுப்பது. நான் போனாலும் சுவரில் ஒட்டிய காகிதம் இருக்கும்.

---

மண்டபத்துப்பிள்ளை | 2025 மே 26, இரவு 11:15

இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். கரும்பலகை மூலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பயிற்சி முடிந்து எல்லோரும் திடீரென்று அந்த நால்வரிடமும் தேன் ஒழுகப் பேசத் தொடங்கினால், அதுவும் எழுந்து நிற்க வைப்பதுதான். பரிதாபம் மூக்கில் ஏறும், பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். 52 பேருக்கும் செய்யுங்கள். உங்கள் வகுப்பில் அகதி இல்லாத பிள்ளைகளில் எத்தனை பேர் செருப்போடு தூங்குகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

---

யமுனைக்கரை | 2025 ஜூலை 6, இரவு 9:05

நடந்துவிட்டது. எல்லோரும் கேட்டிருந்தீர்கள், எழுதுகிறேன்.

திரை வைக்கவில்லை. கைதட்டல் கதையில் தொடங்கினேன், என் தப்பு என்றே சொன்னேன். சாக்பீஸ் ஐயாவின் அனுமதியோடு, பெயரும் பள்ளியும் இல்லாமல், சுவரோரத்துப் பையன் கதையையும். அதன்பிறகு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, "உங்களால் இன்றும் தாங்க முடியாத ஒரு சத்தத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்" என்றேன். கலக்கிப் படித்தோம். ஆம்புலன்ஸ். மருத்துவமனை மானிட்டர். மாமியார் வளையல் (சிரிப்பு). கதவைத் தாழிடும் ஓசை. இது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அறை அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது.

சரிவராதவையும் உண்டு. ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் ஆசிரியராகவும் நடிக்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்துக் குலைத்துவிட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை விடவே மாட்டேன் என்று சண்டை போட்டார். கடைசியில், ஊதும் முன் கையை உயர்த்துவது என்று உடன்பாடு. இரண்டாம் மணி நேரத்தில் ஓர் ஆசிரியை அழத் தொடங்கினார். எங்கே அழைத்துப்போவது, கூட யார் போவது என்று நான் யோசித்தே வைக்கவில்லை. நாற்பது பேர் முன்னால் அவர் அழுதார், நான் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். வேப்பம்பூ, அடுத்த முறை நீங்கள் வந்து பின்வரிசையில் உட்காருங்கள். ஆசிரியர்களுக்கும் அடித்தள அடுக்கு வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டாம் ஷிப்ட் சொன்னபடி ஒரு பக்கக் காகிதம், ஹிந்தியில், ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. மாதம் ஒருமுறை நாற்பது நிமிடம் கூடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், பார்ப்போம்.

---

சாக்பீஸ் | 2025 ஜூலை 6, இரவு 9:31

பட்டியலில் என் பெயரையும் போடுங்கள். மெட்ரோ இருக்கிறது, சரிதா விஹாரில் இறங்கி வந்துவிடுவேன். சமோசா என் செலவு.

---

மண்டபத்துப்பிள்ளை | 2025 ஜூலை 6, இரவு 11:20

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

---

யமுனைக்கரை | 2025 ஜூலை 7, காலை 6:12

வருகிறாள். கதவுப் பக்கத்து இருக்கையை எடுத்துக்கொண்டாள். கணினி அறை வாசலில் செருப்புக் கழற்றும் விதியை நான் பேசி மாற்றிவிட்டேன், தூசிக்குத் துடைப்பம் போதும். வெள்ளிக்கிழமை கரும்பலகை மூலையில் நாளைய வரியை எழுத மறந்துவிட்டேன். அவளே எழுந்து வந்து சாக்பீஸை நீட்டினாள். பேசவில்லை.

கீழ்நீதிமன்றம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவளுடைய தம்பிக்கு ஆறு வயது. வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் பிறந்த தேதிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சான்று தீயில் போயிற்று என்று அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார்.

---

கீழ்நீதிமன்றம் | 2025 ஜூலை 7, காலை 8:47

கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு: வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், இரண்டு பிரதி. ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத்தில் கேட்டாலே சேர்த்துக்கொள்வார்கள். ரசீதின் படத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம்.